காற்றையும் நீரையும் நம்பிய பேராசிரியர் ஹால்டேன்



விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, ஜொகூர்ப் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் உங்களில் பலர். தீபாவளி நெருங்கினால் பிள்ளைகுட்டிகளோடு சிராங்கூன் சாலைக்குப் போய்த் துணிமணி எடுத்து, தேக்கா சந்தையில் சாப்பிட்டுத் திரும்புகிறவர்கள் இன்னும் பலர். நம் வீட்டு அடுப்புக்கு நாம் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருகிறோம். அங்கே பல அடுக்குமாடி வீடுகளுக்கு வாயு குழாய் வழியாகவே வந்துவிடுகிறது. அந்தக் குழாயில் வருவது என்ன வாயு என்று என்றாவது யோசித்ததுண்டா?

தேக்காவிலிருந்து லெவண்டர் தெருப் பக்கமாகக் கொஞ்ச தூரம் போனால் கல்லாங் வந்துவிடும். 1862ஆம் ஆண்டு அங்கே வாயு ஆலை ஒன்று தொடங்கப்பட்டது. நிலக்கரியைக் காற்றுப் புகாமல் காய்ச்சி, அதிலிருந்து வரும் வாயுவைக் குழாயில் விட்டார்கள். 1864ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூர்த் தெருக்களில் முதன்முதலாக வாயு விளக்குகள் எரிந்தன. பிற்காலத்தில் நிலக்கரி போய் எண்ணெய் வந்தது. பிறகு இயற்கை வாயு வந்தது. கல்லாங் ஆலை 1998இல் மூடப்பட்டது. இப்போது அந்த வேலை செனோக்கோவில் நடக்கிறது. அந்த நகர வாயுவில் 40 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது ஹைட்ரஜன். ஆக, உலகமே இன்று புதுமை என்று பேசுகிற ஹைட்ரஜனைச் சிங்கப்பூர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகவே எரித்து வருகிறது!

அப்படியானால் புதுமை எங்கே இருக்கிறது? அதை எரிப்பதில் இல்லை, உண்டாக்கும் முறையில்தான் இருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் இல்லாமல், காற்றாலையையும் தண்ணீரையும் கொண்டே ஹைட்ரஜனை உண்டாக்கி ஒரு நாட்டையே நடத்தலாம் என்று 1923ஆம் ஆண்டிலேயே சொன்னார் ஓர் அறிஞர். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடிமகனாக மறைந்த அவர்தான் ஜே.பி.எஸ். ஹால்டேன். அவருடைய வாழ்க்கையைத்தான் இந்தப் பரிசளிப்பு விழா மலரில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சுரங்கத்தில் படித்த பாடம்

ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஆக்ஸ்ஃபர்டு நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் மூச்சுக் காற்றைப் பற்றி ஆராய்ந்தவர். அந்நாளில் நிலக்கரிச் சுரங்கங்களில் அடிக்கடி வெடி விபத்து நடக்கும். செத்தவர்கள் எல்லாம் வெடியில்தான் செத்தார்கள் என்று பலரும் எண்ணியிருந்தார்கள். தந்தையார் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். வெடியில் தப்பியவர்களிலும் பெரும்பாலோர் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை மூச்சில் இழுத்து மாண்டிருந்ததைக் கண்டார். மனிதனுக்கு முன்பே அந்த நஞ்சு எலியையும் சிறு பறவையையும் தாக்கும். ஆகவே அவற்றைக் கூண்டில் வைத்துச் சுரங்கத்துக்குள் கொண்டு போனால் முன்கூட்டியே எச்சரிக்கை கிடைக்கும் என்று வழி சொன்னார். அவ்வாறே கேனரிக் குருவிகள் பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1980கள் வரை தொழிலாளரின் உயிரைக் காத்தன.

சிறுவன் ஹால்டேனையும் அவர் சுரங்கத்துக்குக் கூட்டிப் போவார். ஒருநாள் மீத்தேன் வாயு தேங்கியிருந்த இடத்தில் மகனை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, ஷேக்ஸ்பியர் நாடகத்திலிருந்து ஒரு பகுதியை ஒப்புவிக்கச் சொன்னார். பையன் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கியது, கால் துவண்டது, பொத்தென்று விழுந்தான். தரையில் கிடந்தபோதோ மூச்சு நன்றாக வந்தது! மீத்தேன் காற்றைவிட இலேசானது, மேலே போய்த் தங்கும், கீழே நல்ல காற்று இருக்கும் என்பதைப் பையன் உடம்பாலேயே படித்துக்கொண்டான். மாணவர்களே, ஒரு விஷயத்தை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் மீத்தேனைவிடவும் இலேசானது. வாயுக்களிலேயே அதைவிட இலேசானது கிடையாது.

ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபர்டிலும் அவர் படித்தார். கணிதமும் பழைய கிரேக்க, இலத்தீன் இலக்கியமும்தான் அவருடைய பாடங்கள். பிற்காலத்தில் உலகம் போற்றும் விஞ்ஞானியான அவருக்கு விஞ்ஞானப் பட்டம் ஒன்றுகூட இல்லை என்றால் நம்புவீர்களா? தந்தையின் ஆய்வுக்கூடமே அவருக்குப் பல்கலைக்கழகமாக இருந்தது.

முதல் உலகப் போர் வந்தது. 1915இல் போர்முனையில் குளோரின் நச்சுப் புகை வீசப்பட்டபோது, தற்காப்பு முகமூடி எது பயன்படும் என்று கண்டறியத் தந்தையும் மகனும் ஓர் அறைக்குள் குளோரினை விட்டு, தாங்களே அதைச் சுவாசித்துப் பார்த்தார்கள். பின்னர் மெசப்பொட்டேமியாவில் காயம்பட்ட ஹால்டேன், சிகிச்சைக்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அந்த மண் அவருக்குப் பிடித்துப் போனது. ஆள்பவராக வராமல், சமமானவராக ஒருநாள் திரும்பி வர வேண்டும் என்ற எண்ணம் அப்போதே மனத்தில் விழுந்துவிட்டது.

1923ஆம் ஆண்டுச் சொற்பொழிவு

1923 பிப்ரவரி 4. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒரு சங்கத்தின் கூட்டம். முப்பது வயது ஹால்டேன் விஞ்ஞானத்தின் எதிர்காலம் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அடுத்த ஆண்டே அது நூலாகவும் வந்தது.

நிலக்கரியும் எண்ணெயும் ஒருநாள் தீர்ந்துபோகும், அப்போது இங்கிலாந்து என்ன செய்யும் என்று அவர் கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். நாடெங்கும் வரிசை வரிசையாக உலோகக் காற்றாலைகள் நிற்கும்; அவை மின்சாரம் தரும். காற்று பலமாக வீசும் நாளில் மிஞ்சுகிற மின்சாரத்தைத் தண்ணீருக்குள் செலுத்தினால், தண்ணீர் ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரியும். அவற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கிப் பூமிக்குள் பெரிய தொட்டிகளில் சேமிக்கலாம். காற்று வீசாத நாளில் இரண்டையும் மறுபடி சேர்த்தால் மின்சாரம் கிடைக்கும், மிஞ்சுவது தண்ணீர்தான். புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. எடைக்கு எடை பார்த்தால் பெட்ரோலைப் போல மூன்று மடங்கு வெப்பம் தரும் என்பதையும், ஆனால் தொட்டி மிகப் பெரிதாக வேண்டியிருக்கும் என்பதையும், முதலில் போடும் பணம் மிக அதிகம் என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். இதெல்லாம் நடக்க நானூறு ஆண்டுகள் ஆகலாம் என்பது அவருடைய கணிப்பு.

இந்த எண்ணத்தின் விதை அவருக்கு முன்பே உண்டு. டென்மார்க் நாட்டில் ஆஸ்கோவ் என்ற சிற்றூரில் பாவுல் லா கூர் என்ற ஆசிரியர் இருந்தார். 1890களில் அவர் காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, அதில் வந்த ஹைட்ரஜனால் தம் பள்ளிக்கு விளக்கேற்றினார். நம்மைப் போன்ற ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நடந்த வேலை அது! ஒரு பள்ளியில் நடந்ததை ஒரு நாடே செய்யலாம் என்று விரித்துக் காட்டியவர் ஹால்டேன்.

அவர் சொன்னதெல்லாம் பலித்துவிடவில்லை. அணுசக்தி வியாபாரத்துக்கு உதவும் என்று அவர் நம்பவில்லை, அது தவறாயிற்று. கரி எரிவதால் வரும் கரியமில வாயு பூமியையே சூடாக்கும் என்ற கவலையும் அந்தக் கட்டுரையில் இல்லை. ஆனால் காற்றாலை விஷயத்தில் நானூறு ஆண்டு தேவைப்படவில்லை. நூறே ஆண்டில், 2024இல், பிரிட்டனின் மின்சாரத்தில் கிட்டத்தட்ட 30 விழுக்காட்டைக் காற்றாலைகள் தந்தன.

தம் உடம்பே ஆய்வுக்கூடம்

ஹால்டேன் பின்னர் மரபியல் துறையில் பெரும் புகழ் பெற்றார். பரிணாமத்தைக் கணக்குப் போட்டுக் காட்டிய மூவரில் ஒருவர் என்று அவரை உலகம் இன்றும் போற்றுகிறது. ஆனாலும் தந்தையிடம் கற்ற பழக்கத்தை அவர் விடவில்லை. ஆபத்தான காற்றைப் பற்றித் தெரிய வேண்டுமானால் முதலில் தாமே அதைச் சுவாசிப்பார்.

1939 ஜூன் மாதம் தீட்டிஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் கடலில் மூழ்கி, 99 பேர் மாண்டார்கள். அவர்கள் ஏன் தப்ப முடியவில்லை என்று கண்டறிய ஹால்டேன் தம்மையே இரும்பு அறைக்குள் அடைத்துக்கொண்டார். காற்றழுத்தத்தைக் கூட்டியும் கரியமில வாயுவைக் கூட்டியும் எந்த அளவில் மனிதன் மயங்குகிறான் என்று குறித்தார். அந்தச் சோதனைகளில் வலிப்பு வந்து முதுகெலும்பு அடிபட்டது; செவிப்பறை கிழிந்தது. அவர் நிறுத்தவில்லை. கூலிக்கு ஆள் பிடித்து உள்ளே தள்ளுகிற மனிதராக அவர் இருந்ததில்லை.

இன்னொன்றும் செய்தார். பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்துகொண்டே, தொழிலாளர் வாசிக்கும் ஒரு நாளிதழில் நூற்றுக்கணக்கான விஞ்ஞானக் கட்டுரைகளை எளிய நடையில் எழுதினார். விஞ்ஞானம் படித்தவர் வீட்டுச் சொத்து அல்ல, வேலை செய்கிறவனுக்கும் அது புரிய வேண்டும் என்பது அவர் கொள்கை.

இந்தியக் குடிமகன்

1957ஆம் ஆண்டு, அறுபத்து நான்காம் வயதில், அறிஞர் மகலநோபிஸ் அழைக்க, ஹால்டேன் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்தார். இந்திய உடை உடுத்தினார். சைவ உணவுக்கு மாறினார். 1961இல் இந்தியக் குடிமகனாகவும் ஆகிவிட்டார். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று அழாதீர்கள், கண்ணையும் கணக்கையும் கொண்டே ஆராயலாம் என்று இளைஞர்களுக்கு வழிகாட்டினார். அவருடன் பணியாற்றிய டேவிஸ் என்ற தாவரவியலார் தென்னை மரங்களைப் பார்த்தார். சில மரங்களில் மட்டை இடப்பக்கமாகச் சுற்றி வருகிறது, சிலவற்றில் வலப்பக்கமாக. எது அதிகம் காய்க்கிறது என்று எண்ணிப் பார்த்து அதையே பெரிய ஆய்வாக்கினார். செம்பனை மரத்தடியில் வளரும் நம் பிள்ளைகளும் மட்டை எப்படிச் சுற்றுகிறது என்று ஒருநாள் அண்ணாந்து பார்க்கலாம். அதற்குக் காசு வேண்டியதில்லை.

1962இல் ஒரிசாவின் புவனேசுவரத்துக்குப் போய்ப் புதிய ஆய்வுக்கூடம் அமைத்தார். 1964 டிசம்பர் முதல் நாள் புற்றுநோயால் அங்கேயே மறைந்தார். உயிரோடு இருக்கும்போது ஆய்வுக்குத் தந்த உடம்பை இறந்த பிறகும் தந்துவிட்டார். அவர் விருப்பப்படி உடல் ஆந்திராவின் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர்கள் படிக்கக் கொடுக்கப்பட்டது.

காலத்தின் விளையாட்டைப் பாருங்கள். அதே காக்கிநாடாவில், காற்றும் வெயிலும் தரும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அதிலிருந்து ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அம்மோனியா தயாரிக்கும் ஆலையில் முதலீடு செய்வதென்று ஏஎம் கிரீன் என்ற நிறுவனம் 2024இல் இறுதி முடிவெடுத்தது. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் என்று 1923இல் பேசியவரின் உடல் போய்ச் சேர்ந்த ஊரே அதற்கு இடமாக அமைந்துவிட்டது!

சிங்கப்பூரின் கணக்கு

இனி நமக்குப் பக்கத்திலுள்ள சிங்கப்பூருக்கே வருவோம். அங்கே மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை வாயுவை எரித்து வருவது. இடம் குறைவு, காற்று வேகம் போதாது, பெரிய ஆறும் இல்லை. வெயில் உண்டு, ஆனால் சூரியத் தகடு பரப்ப நிலம் வேண்டுமே? ஆகவே 2022 அக்டோபரில் அந்நாடு தேசிய ஹைட்ரஜன் திட்டத்தை அறிவித்தது. எல்லாம் கூடி வந்தால் 2050இல் மின்தேவையில் பாதி வரை ஹைட்ரஜன் தரலாம் என்பது அதன் எண்ணம். ஜூரோங் தீவில் 600 மெகாவாட் மின் நிலையம் ஒன்று, இயற்கை வாயுவோடு 30 விழுக்காடு ஹைட்ரஜனையும் கலந்து எரிக்கத்தக்கதாக வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

நல்ல சேதிதான். ஆனால் சிக்கல் எங்கே என்று ஹால்டேனைப் போலவே மறைக்காமல் பார்ப்போம்.

முதலாவது, ஹைட்ரஜன் பூமியில் கரி போல வெட்டி அள்ளப் பெரிய அளவில் கிடைப்பதில்லை. நாம்தான் எதிலிருந்தாவது பிரித்தெடுக்க வேண்டும். உலகம் ஆண்டுக்குச் சுமார் பத்துக் கோடி டன் ஹைட்ரஜன் உண்டாக்குகிறது. அதில் தூய முறையில் வருவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான். இயற்கை வாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் ஒன்பது, பத்துக் கிலோ கரியமில வாயு வெளியாகிறது. வாசலைப் பெருக்கிக் குப்பையைப் பக்கத்து வீட்டில் தள்ளுவது போலத்தானே இது?

இரண்டாவது, சேதாரம். தண்ணீரிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கச் சுமார் ஐம்பது யூனிட் மின்சாரம் வேண்டும். அதைச் சேமித்து, கொண்டுபோய், மறுபடி மின்சாரமாக்கினால் பதினைந்து முதல் இருபது யூனிட்தான் கையில் நிற்கும். ஓட்டை வாளியில் தண்ணீர் சுமப்பது மாதிரி! வேறு வழியே இல்லாத இடத்தில் ஓட்டை வாளியும் உதவும். பக்கத்திலேயே குழாய் இருந்தால் யாராவது அதைத் தூக்குவார்களா? அதனால்தான் சிறிய கார்களுக்கு மின்கலமே வென்றது. 2004இல் அப்பர் ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் ஹைட்ரஜன் நிரப்பும் நிலையம் திறந்து, சோதனைக் கார்கள் சில ஓடின, அது நிலைக்கவில்லை. கப்பல், இரும்பு ஆலை, உர ஆலை போன்ற பெரிய வேலைகளுக்குத்தான் ஹைட்ரஜன் ஏற்றது என்று இன்று பலரும் கருதுகிறார்கள்.

மூன்றாவது, கொண்டுவரும் பாடு. திரவமாக்க வேண்டுமானால் பூச்சியத்துக்குக் கீழே 253 பாகை வரை குளிர்விக்க வேண்டும். அது ரொம்பச் செலவு. ஆகவே ஹைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிக் கப்பலில் ஏற்றலாம் என்கிறார்கள். 2024 மார்ச் மாதம் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் டீசலோடு அம்மோனியாவையும் கலந்து எரித்துக் காட்டியது. ஜூரோங் தீவில் அம்மோனியாவை எரித்து 55 முதல் 65 மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கவும் திட்டம் உண்டு. அம்மோனியா எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர்ப் பால் உறையாமலிருக்கப் பால் கொட்டகையில் ஊற்றுவார்களே, அதேதான். மூடியைத் திறந்தவுடன் கண்ணும் மூக்கும் எரியும். கசிவு பெரிதானால் உயிருக்கே ஆபத்து.

நான்காவது, நெருப்பு. ஹைட்ரஜனுக்கு மணம் இல்லை. பகலில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. 1937 மே 6ஆம் நாள் ஹைட்ரஜன் நிரப்பிய ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்து 36 பேர் இறந்ததை உலகம் மறக்கவில்லை. ஆனால் சுரங்கத்தில் சிறுவன் ஹால்டேன் கற்ற பாடமும் உண்மை. இலேசான வாயு மேலே போகும். திறந்த வெளியில் அது சீக்கிரம் கலைந்துவிடும். மூடிய அறையில் கூரையடியில் தேங்கி நின்றால்தான் பேராபத்து. ஆகவே பயந்து ஓடவும் வேண்டாம், அசட்டையாக இருக்கவும் வேண்டாம்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

இதெல்லாம் பெரியவர்கள் விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். நாளைக்கு அந்த ஆலைகளில் குழாய் பொருத்துவதும், தொட்டி கழுவுவதும், கப்பலுக்கு எரிபொருள் ஏற்றுவதும் யார்? பாலம் கடந்து போகிற நம் பிள்ளைகளும், தமிழ்நாட்டிலிருந்து வந்து ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடுகிற தொழிலாளர்களும் அவர்களில் இருப்பார்கள். எரிபொருள் தூய்மையானது என்றால் அது நகரத்து ஆகாயத்துக்கு மட்டும் தூய்மையாக இருந்தால் போதாது. அதைக் கையாளுகிறவன் நெஞ்சுக்கும் கேடில்லாததாக இருக்க வேண்டும்.

ஆகவே யார் வந்து தூய எரிபொருள் என்று சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஹைட்ரஜன் எதிலிருந்து வந்தது? போட்ட மின்சாரத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது? கசிந்தால் அதை முதலில் சுவாசிப்பது யார், அவனுக்கு முகமூடியும் பயிற்சியும் கொடுத்தாயிற்றா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் அந்த வாயுவை வாழ்த்தி வரவேற்போம். பதில் வராவிட்டால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்று பொருள். அந்தப் பாக்கி வேலையைச் செய்யத்தான் படித்த பிள்ளைகள் வேண்டும்.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் மாணவ மணிகளே! விஞ்ஞானப் பட்டம் இல்லாமலே விஞ்ஞானியானவர் ஹால்டேன். பரிசு கிடைக்காத பிள்ளைகளும் அதை நினைத்துத் தைரியம் கொள்ளுங்கள். பெற்றோர்களே, பிள்ளை ஏன், எப்படி என்று கேட்டால் வாயை மூடு என்று அதட்டாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைப் பள்ளிக்கு அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். நாங்கள் இருக்கிறோம். அடுத்த முறை சிராங்கூன் சாலைக்குப் போகும்போது பிள்ளைகளைக் கல்லாங் பக்கமும் ஒரு நடை கூட்டிப் போய், இங்கேதான் ஒருகாலத்தில் வாயு காய்ச்சினார்கள் என்று காட்டுங்கள். மீதியை அவர்களே கேட்பார்கள்.

வாழ்க மாணவர்! வளர்க நம் தமிழ்ப்பள்ளி! வணக்கம்.